இரண்டு பங்கு இரும்பு

நீலாஞ்சனாவுக்கு முதல் கர்ப்பம் தங்கவில்லை. அதனால் அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்றதுமே கணவன் குந்துநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை எனும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவன், யாவாரத்தை மறந்து அவள் பின்னாலேயே சுற்றினான்.

நான்காம் மாதம் டாக்டரம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்லியேம்மா. உங்க வீட்டுல முட்டைகூடத் தொடமாட்டீங்க. கீரை நெறய சாப்பிடு. இந்த இரும்பு மாத்திரைய தெனம் ஒண்ணு போடு."

ஒன்று என்றால் குந்துநாதன் காதில் இரண்டு என்றுதான் விழும். காலையில் மாத்திரை கொடுத்தான். அது போதாதென்று திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் போய் இரும்பு டானிக் வேறு வாங்கி வந்தான். இடையிடையே பேரீச்சம்பழம், வெல்லப்பாகில் பிடித்த எள்ளுருண்டை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கம் அந்தச் சமண நைனார் வீட்டில் இல்லை. ஆகவே சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் அவளுக்கு ஊட்டிவிடப் பார்ப்பான்.

"இன்னாங்க, நான் மனுஷியா, மூட்டையா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு நீலா. உனுக்கில்ல, உள்ள இருக்கறதுக்கு."

அந்த முகத்தைப் பார்த்தால் அவளுக்கு மறுக்க வராது. வாயைத் திறந்துவிடுவாள்.

ஏழாம் மாதம் தாகம் அடங்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் அவள் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"ஒண்ணுக்குல சர்க்கரை நெறய போவுது. மாசமா இருக்கறப்ப சில பேருக்கு வரும்" என்றார் டாக்டரம்மா. தினமும் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று நீலாஞ்சனாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். "ரத்தம் நல்லா ஊறியிருக்கே, மாத்திரையோட டானிக்கும் குடுக்கச் சொன்னது யாரு?"

குந்துநாதன் தரையைப் பார்த்தான். "நான்தாங்க. அதாலதான் வந்துச்சுங்களா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இரும்பு கம்மியானாலும் கஷ்டம், வேண்டியதுக்கு மேல போனாலும் நல்லதில்ல. டானிக்க நிறுத்துங்க. இனிப்பு கூடாது. சோத்தக் கொறச்சு, கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு சாப்பிடட்டும். தெனம் நடக்கணும்."

வீடு வந்து கதவைச் சாத்தியதும், "ஆசைல நானே உன்னக் கெடுத்துட்டேன்" என்று உடைந்து போனான். வழியெல்லாம் அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தவள், அதை விழுங்கிவிட்டாள்.

"அழாதீங்க. வாயத் தொறந்து வாங்கிக்கினது நான்தான? நாளையிலருந்து நடக்கத் தொணைக்கு வாங்க, போதும்."

மண்டியைப் பச்சமுத்து என்ற ஆளிடம் விட்டுவிட்டு மாலைதோறும் அவளைக் கோட்டைப் பக்கம் அழைத்துப் போனான். "நைனாரே, ஜோடியா எங்க கெளம்பிட்டீங்க?" என்று கடைத்தெருவே கேலி பேசியது. வெட்கப்பட்டு முதலில் பத்தடி முன்னால் நடந்தான். அவளுக்கு மூச்சு வாங்குவதைக் கண்டபின் பக்கத்தில் வந்தான். கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தான். போகப்போக ஆஸ்பத்திரிச் சோதனையில் நீல மருந்து பச்சையோடு நின்றது.

பங்குனியில் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை கொஞ்சம் கனமாக இருந்ததால் நீலாஞ்சனா மிகவும் பாடுபட்டாள். வீட்டுக்கு அனுப்புமுன் மறுபடி சோதித்தார்கள். நீலம் நிறம் மாறவில்லை.

குதிரை வண்டியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குந்துநாதன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா அப்படிப் பாக்கறீங்க?"

"மொறைக்குது நீலா. அப்படியே உன்ன மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டிக்காரனிடம், "கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றாள்.