இன்னும் எழுபது கோடி வருஷம்

"சார், உங்க மனைவி இறந்துட்டதா எங்களுக்குக் காலையில தகவல் வந்திருக்கு" என்று ஆறாவது முறையாகச் சொன்னாள், தொலைபேசியில் கணினி மையத்துப் பெண்.

"தெரியும்மா. தகவல் குடுத்ததே நான்தான்."

அங்கேதான் வினை. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்து, சாவைத் தாமதமாகச் சொல்ல வந்தவர்களையெல்லாம் வறுத்தெடுத்த மனிதர் அவர். மனைவியின் மூச்சு நின்ற அரை மணியில், மைத்துனருக்குக்கூடச் சொல்லாமல், முதலில் அவள் வேலை பார்த்த மையத்துக்கு மின்னஞ்சல் தட்டினார். பென்சில் கேட்டால் ஆறு மாதம், அழிப்பான் கேட்டால் அடுத்த பிறவி என்றிருந்த மையம், இந்த ஒரு விஷயத்தில் பறந்தது. ஏழே நிமிடத்தில் அவள் பெயரை நீக்கி, அவள் ஓடவிட்டிருந்த கேலக்ஸியையும் நிறுத்திவிட்டது.

கணினிக்குள் ஒரு கேலக்ஸியைக் குழந்தைப் பருவத்திலிருந்து வளர்த்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருடமாக அவள் வளர்த்ததெல்லாம் நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளி, நிஜ வானத்தில் இருப்பதைப்போல நாலு மடங்கு ஊதிப்போயின. வெடிக்கும் நட்சத்திரங்கள் கிளப்பும் காற்று, புது நட்சத்திரம் பிறக்கும் வாயுவை வெளியே தள்ளினால்தான் அந்தப் பிரசவம் அடங்கும். இந்தத் தடவை அந்தக் காற்றை மாற்றியிருந்தாள். பிரபஞ்சத்தின் மொத்த வயதான ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி ஆண்டில், ஆயிரத்து முந்நூற்றுப் பத்தைத் தாண்டியும் அது ஒல்லியாகவே இருந்தது.

"முடியறவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க" என்றாள் மனைவி, நேற்று அவரிடம். "கடைசியில குண்டாயிடுச்சுன்னா எங்கிட்ட சொல்லாதீங்க."

தொட்டது அவரேதான்.

"எழுபது கோடி வருஷம்தாம்மா பாக்கி. ஒரு நாள் ஓட்டம். திருப்பி ஓடவிட்டா என்ன கொள்ளை போயிடும்?"

"அவங்க கையெழுத்து வேணும் சார்."

"கூடத்துல படுத்திருக்கா. எழுப்பிக் கேக்கட்டுமா?"

சொன்ன பிறகு அவருக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சார்" என்றாள், குரல் தணிந்து. "அஞ்சு மணிக்கு எல்லாம் தானா அழிஞ்சிடும். அதுக்குள்ள வேற ஒருத்தர் பேருக்கு மாத்துங்க. உடனே ஒப்புதல் குடுத்துடறேன். விட்ட இடத்துலேருந்து ஓடும்."

மைத்துனர் அறைக்குள் தலையை நீட்டினார். "மாப்ள, வண்டி வந்து அரை மணி ஆச்சு. யார்கூட மல்லுக்கட்டறீங்க?"

"உங்க தங்கச்சி ஆபீஸ்கூட, மச்சான்."

"இன்னிக்குமா?"

கணினியில் பெயர் மாற்றப் படிவத்தைத் திறந்தார். உறவு என்ற கட்டத்தில் வழிகாட்டி, சக ஆய்வாளர், மாணவர் என்று மூன்றே மூன்று. கணவன் என்றொரு பிராணி இந்தப் பிரபஞ்சத்தில் இருப்பதே மையத்துக்குத் தெரியாது.

"சக ஆய்வாளர்னா டாக்டர் பட்டம் கேக்கும் சார்."

"மாணவர்னா?"

"ஒண்ணும் கேக்காது."

எழுபத்தொரு வயது மாணவர், சேர்ந்த வருடம் என்ற இடத்தில் கல்யாணமான வருடத்தைத் தட்டினார். அடுத்து, படிப்பு முடியும் நாள். காலியாக விட்டார். கட்டம் சிவந்து சீறியது.

"ஏதாவது ஒரு தேதி போடுங்க சார். எதுவானாலும் ஒத்துக்கும்."

திரையில் நாள்காட்டி விரிந்தது. அம்புக்குறியை அழுத்தினார். அடுத்த மாதம். அதற்கடுத்த மாதம். மைத்துனர் உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வருடங்கள் புரண்டுகொண்டிருந்தன. மாணவர் விரலை எடுக்கவில்லை.