முப்பத்தேழு சென்டிமீட்டர்

மதகுக்காரியின் வீட்டுக்குள் பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் நின்றது, கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே. ஏரி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் இருந்தது, வீடோ மேட்டில். அக்கம்பக்கத்து வீடுகளில் தரை காய்ந்து கிடந்தது. அவள் மதகு வேலையில் சேர்ந்து, தையற்காரரான புருஷனோடு அந்த அரசாங்கக் குடியிருப்புக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் வந்தது. வாசற்படி வரை வந்து, வெளியே ஒரு சொட்டுச் சிந்தாமல் நின்றுகொண்டது. குழாய்க்காரர் வந்து தரையை இரண்டு இடத்தில் தோண்டினார். அடியில் மண் மொறுமொறுவென்று காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கூலிகூட வாங்காமல் போய்ச் சேர்ந்தார். ஒரு வாரத்தில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். மதகுக் கல்லுக்கு மேலே ஏரி எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறதோ, சமையலறைத் தரைக்கு மேலே அத்தனை சென்டிமீட்டர். திறந்தால் இறங்கியது, மூடினால் ஏறியது. மேலதிகாரி கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து தானும் அளந்து பார்த்தார். ஏரியில் காற்றடித்தால் அலை, அலையடித்தால் அளவு தப்பும். இங்கே அலையே இல்லை. மனிதருக்குப் பரம திருப்தி. கரையில் இருந்த பழைய அளவுக்கம்பத்தைப் பிடுங்கிக் கிடங்கில் போடச் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவு நிலையில் வெள்ளை எனாமல் அளவுகோல் ஒன்றை அடித்துவைத்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அது குடிக்கவோ பாய்ச்சவோ இருந்த ஏரி அல்ல, பார்க்க இருந்த ஏரி. பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் அந்த ஊரே அடுப்பு மூட்டியது. விடுதிக்காரர்களுக்கு ஏரி ஜன்னலில் தளும்ப வேண்டும். கரையோரம் நடக்கிறவர்களுக்குச் செருப்பு நனையக் கூடாது. படகுக்காரர்களுக்கு ஆழம் வேண்டும். கோரைப் புதருக்குள் கூடு கட்டும் நீண்ட கால் வெள்ளைப் பறவைகளுக்கோ ஏற்றமும் கூடாது, இறக்கமும் கூடாது. நாலு சென்டிமீட்டர் ஏறினால் முட்டை நனையும். ஒரு சாண் இறங்கினால் சேறு வெளியே தெரியும், சேறு தெரிந்தால் நாய்க்கு அதுவே பாதை. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு பக்கம் கத்தித் தீர்த்து, கடைசியில் அடைகாக்கும் நாலு மாதமும் முப்பத்தேழு என்று முடிவு செய்வார்கள். ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், அவ்வளவுதான். அந்த முப்பத்தேழில் கால் வைத்து நின்றவர்கள் இரண்டே பேர். அவளாவது பாதி நாள் மதகின் காய்ந்த கல்லில் நின்றாள். தையற்காரர் நாள் முழுக்க வீட்டில். தையல் மிஷினை மேடை போட்டு உயர்த்திக்கொண்டார், கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தார், மடித்துவைத்த துணிகளைப் பரண்மேல் ஏற்றினார். வாடிக்கையாளர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டு, புதுச் சட்டையில் ஏன் ஏரி வாசம் வருகிறது என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்வதை விட்டுப் பல வருஷம் ஆயிற்று.

மூன்றாம் வருஷம் அவருடைய அக்காவிடமிருந்து சேதி வந்தது, இரண்டு நாள் தங்கிப் போக வருகிறாள் என்று. அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. பெண்டாட்டிக்கு அரசாங்க வேலை, அரசாங்க வீடு, அரண்மனை மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு அளந்துவிட்டிருந்தார் தையற்காரர். “ரெண்டே ரெண்டு நாள்தான். அக்கா முன்னாடி என் மானத்தைக் காப்பாத்திடு,” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மதகுக்காரிக்கும் அவமானமாகத்தான் இருந்தது. அடைகாக்கும் காலம் என்று தெரிந்தே, காதும் காதும் வைத்த மாதிரி மதகைத் திறந்துவிட்டாள். மூன்று நாளில் ஏரி முழுசாக இறங்கி வீடு காய்ந்தது. அக்கா வந்தாள், தரை நல்ல சுத்தம் என்று மெச்சினாள், சாப்பிட்டாள், தூங்கினாள், போனாள். அந்த இரண்டு நாளில் ஊர் நாய்கள் அத்தனையும் சேற்றில் நடந்து போய் ஆயிரத்து நூறு கூட்டையும் காலி செய்துவிட்டன. கரையெல்லாம் முட்டை ஓடு. வெயிலில் ஏரி வற்றியதாக ஊர் நினைத்துக்கொண்டது. அடுத்த வருஷம் ஒரு பறவைகூட வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஏன் வரவில்லை என்று ஆராய வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து இருநூறு பக்கத்துக்கு அறிக்கை எழுதினார்கள். மோட்டார் படகின் சத்தம்தான் காரணமாம். மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். படகுக்காரர்கள் அன்றிலிருந்து கையால் துடுப்புப் போட்டு, தோள்பட்டை இறங்கிப்போனார்கள். மதகுக்காரி வாயே திறக்கவில்லை. அவர்கள் எதிரில் வந்தால் அவள்தான் முந்திக்கொண்டு வணக்கம் சொல்வாள். ரொம்ப மரியாதைக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள், போங்கள்.

அதற்குப் பிறகு பத்து வருஷம், வராத பறவைக்காக முப்பத்தேழைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். பதினோராம் வருஷம் இரண்டு கூடு தெரிந்தது. அப்புறம் ஐந்து, அப்புறம் ஒன்பது. அவள் வேலைக்கு வந்த பத்தொன்பதாம் வருஷம் ஐம்பத்திரண்டு. அவள் எண்ணி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது தையற்காரர் கட்டிலில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். பாதம் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, கணுக்காலில் புண் ஆறாமல் நீர் வடிந்தது. டாக்டர் மருந்தே எழுதவில்லை, இரண்டு மாதம் காய்ந்த தரையில் இருந்தால் தானாக ஆறும் என்று சொல்லிவிட்டார். தையற்காரர் அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

“ரெண்டு மாசம் இறக்கிவை. எனக்காக இறக்கு.”

“முட்டை வச்சிருக்குங்க.”

“அன்னைக்கு எங்க அக்காவுக்காக இறக்குனியே.”

“அதனாலதாங்க இப்ப முடியலை.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் காலை ஒரு பையில் நாலு துணியும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, நாலு மணி நேரத் தூரத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வருவாரா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததாக ஒரு போன்கூட இல்லை. கட்டிய புருஷனை விடப் பறவை பெரிதாகப் போய்விட்டதா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

மூன்றாம் நாள் காலை வீட்டில் தண்ணீர் இல்லை. தரை எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. அவள் பதறிப்போய் ஏரிக்கு ஓடினாள், ஏரி இருந்த இடத்தில்தான் இருந்தது. வெறும் நிலையில் எனாமல் அளவுகோல் மட்டும் தொங்கியது. மேலதிகாரி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கிடங்கில் கிடந்த பழைய கம்பம் துருப்பிடித்து இத்துப்போயிருந்தது. போதாக்குறைக்கு மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரையில் நின்றால் அலைதான் தெரிந்ததே தவிர அளவு தெரியவில்லை. எத்தனை சுற்றுத் திறப்பது? கூடத் திறந்தால் நாய், குறையத் திறந்தால் முட்டை நனையும். பத்தொன்பது வருஷம் வீட்டுக்குள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெளியே ஒன்றும் பிடிபடவில்லை. மதகுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோதுதான் போன் அடித்தது. அவருடைய அக்கா.

“இந்தாம்மா, தம்பி வந்து மூணு நாள் ஆச்சு. இன்னைக்குக் காலையில எழுந்து பாத்தா வீடெல்லாம் தண்ணி. நாங்க இருக்கறது ரெண்டாவது மாடி. கீழ் வீட்டுல ஒரு சொட்டுக்கூட ஒழுகலைங்கறாங்க.”

வீட்டுக்கல்ல, அவருக்குத்தான் தண்ணீர் வந்திருக்கிறது. சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி எங்கே படுக்கிறாரோ அங்கே. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் வேறெங்கும் அப்படி இரண்டு ராத்திரி படுத்ததில்லை, அதனால் யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவளுக்கு ஆச்சரியப்பட நேரமில்லை.

“அண்ணி, எவ்வளவு இருக்குன்னு அவரை அளந்து சொல்லச் சொல்லுங்க.”

அக்கா இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். போன் கைமாறியது. தண்ணீரில் கால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு தையற்காரர், “நாப்பது. ஏறிட்டிருக்கு,” என்றார். அவள் மூன்று சுற்றுத் திறந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை தையல் டேப்பை வைத்து அவர் அளந்து சொன்னார், அவள் சுற்றினாள். சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை, எண் மட்டும்தான். சாயங்காலம் மழை விட்டு முப்பத்தேழில் வந்து நின்றது. இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, தான் அன்றைக்கு வருவதற்கு முன்னாலும் வீட்டில் இப்படித்தான் இருந்ததா என்று தம்பியைக் கேட்டாள். அவரும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார், ஏரியை, நாயை, ஆயிரத்து நூறு கூட்டை. அக்கா போனை வாங்கினாள்.

“எனக்காகவா வடிச்சீங்க? சொல்லியிருந்தா நான் பாட்டுக்குக் கட்டில்ல காலை மடக்கி உக்காந்திருப்பேனே. ரெண்டு நாள்தானே.”

மதகுக்காரி மதகுக் கல்லில் உட்கார்ந்து அழுதாள், பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து. தையற்காரர் போனைத் திரும்ப வாங்கி, வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எங்க படுத்தாலும் தண்ணிதான் போலிருக்கு. அப்ப நம்ம வீட்டுத் தண்ணியிலயே கிடந்துட்டுப் போறேன். நாளைக்கு வர்றேன்.”

வந்தார். வந்த அன்றே அவள் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, படகுக்காரர்கள் முன்னால் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். படகுக்காரர்களில் மூத்தவர் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். கூட்டத் தலைவர் மட்டும் அறிக்கை அச்சாகிவிட்டது, இனிமேல் திருத்த முடியாது என்றார். மோட்டார் திரும்ப வரவில்லை, அவள் வேலையும் போகவில்லை. படகுக்காரர்கள் அவள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. இரண்டு நாள் அக்கா தன் வீட்டில் நின்ற தண்ணீரை அளந்து போனில் சொல்ல, புருஷனும் பெண்டாட்டியும் காய்ந்த தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் காலைத் தன் மடியில் வைத்து அவள் மருந்து தடவினாள். எரியுதா என்று கேட்டாள், இல்லை என்று பொய் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை தையற்காரர் கட்டிலிலிருந்து காலைக் கீழே விட்டார். சில்லென்றது.

“வந்துடுச்சு,” என்றார்.

அவள் எவ்வளவு என்று கேட்டாள். அவர் குனிந்து கதவு நிலையில் இருந்த அளவுகோலைப் பார்த்து, முப்பத்தைந்து என்றார். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நடந்து வெளியேறி, மதகை அரைச் சுற்று மூடப் போனாள்.