மேஸ்திரியின் சிலந்தி

மர ஆலையில் ரம்பத்தின் மூடியைக் கழற்றச் சொன்னது மேஸ்திரி. மூடி இருந்தால் வேலை ஓடவில்லையாம். மறுநாளே என் அண்ணனுக்கு மூன்று விரல் போனது. "குடிச்சிட்டு வந்து கையை விட்டுட்டான் சார்" என்று மேனேஜரிடம் சொன்னதும் அதே மேஸ்திரிதான். என் அண்ணன் சோடாகூடக் குடிக்க மாட்டான். குடிகாரன் என்று சொல்லித் துரத்திவிட்டார்கள். பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, வயிறு இருக்கிறதே.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆலையில் சிலந்திச் சண்டை நடக்கும். வேலிச்செடியில் ஒன்றோடொன்று ஒட்டிய இலைகளைப் பிரித்தால் உள்ளே இருக்கும், முதுகில் நீலப்பட்டை மின்னுகிற தாவும் சிலந்தி. தீப்பெட்டியில் வைத்து வளர்ப்போம். இரண்டு ஆண் சிலந்திகளைப் பலகையில் விட்டால் முன்னங்காலை விரித்து முட்டிக்கொள்ளும். முட்டாத சிலந்தி தோற்றது. மேஸ்திரி வேலிப்பக்கமே போனதில்லை. நாங்கள் பிடித்ததில் நல்லதாகப் பிடுங்கிக்கொள்வார். அவருடையது இதுவரை தோற்றதில்லை.

மேனேஜர் வேடிக்கை பார்க்க வந்த அன்று என் தீப்பெட்டியை நீட்டினேன்.

"என்னுது தோத்தா வேலையை விட்டுடறேன். உங்களுது தோத்தா, அண்ணன் விரல் எப்படிப் போச்சுன்னு சார்கிட்ட உண்மையைச் சொல்லணும்."

"நானே சாட்சி" என்று சிரித்தார் மேனேஜர். மேஸ்திரிக்குப் பின்வாங்க வழியில்லை. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, காலெல்லாம் குச்சியா இருக்கு? சோறு போடறதில்லையா?"

வேலியில் கை கிழித்துக்கொண்ட எல்லோருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, அது பெண் சிலந்தி என்று. மூட்டை தூக்கும் கட்டையன் வாயைத் திறந்தான். நான் முறைத்தேன். இருமிக்கொண்டான். மற்றவர்கள் பலகையை நகர்த்திப் போட்டார்கள். இரண்டையும் விட்டோம்.

மேஸ்திரியின் சிலந்தி காலைத் தூக்கியது. முட்டவில்லை. இந்தப் பக்கம் ரெண்டடி, அந்தப் பக்கம் ரெண்டடி, குலுக்கிக் குலுக்கி ஆடியது. அவர் ஈர்க்குச்சியால் குத்தினார். இன்னும் நன்றாக ஆடியது. என்னுடையது பாய்ந்து ஒரு முட்டு முட்டியது.

"என்னய்யா, உன் வீரன் பொண்ணு பார்க்க வந்த மாதிரி நெளியறான்!" என்றார் மேனேஜர்.

"முட்டலை. மேஸ்திரி அவுட்டு!" கட்டையன் கத்தினான்.

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். ஒரு முகமும் அவர் பக்கம் இல்லை.

"மூடியை நான்தான்... கழட்டச் சொன்னேன்."

மேனேஜரின் சிரிப்பு நின்றது.

"கேக்கலை" என்றேன். "அண்ணன் குடிச்சிருந்தானா?"

"இல்லை."

"பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

"குடிக்கலை! நான்தான் பொய் சொன்னேன்!"

"போதும்மா" என்றார் மேனேஜர்.

"எனக்குப் போதலை சார்" என்றேன். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."