நோட்டில் இல்லாத தேன்

1

இந்தக் கதை ஒரு செய்முறைக் குறிப்பின் கடைசி வரியில் பிறந்தது: 'தேனை உங்கள் ருசிக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும்.' என்ன தாராளம்! என் ருசி எனக்குத் தெரியும் என்று அதை எழுதியவருக்கு யார் சொன்னார்களோ.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஜாடிக்குள் பொன்னிறமாய் அந்திவெயில்...' வேண்டாம். அந்த வெயிலில் நீங்கள் ஏற்கெனவே நிறையக் காய்ந்துவிட்டீர்கள்.

2

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பாள். பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அவளுக்குச் சிரிப்பு வரும். [முதலில் 'இளக்காரம்' என்றுதான் எழுதினேன். நாயகி ஆயிற்றே என்று மாற்றினேன்.]

ஆறு வருடமாக வீட்டில் தேன்மது போடுகிறாள். தேன், தண்ணீர், ஈஸ்ட், ஒரு ஜாடி, ஒரு நோட்டு. முதல் ஜாடிக்குத் தேன் ஒன்றரைக் கிலோ. 'தித்திப்பு ஜாஸ்தி' என்று குறித்தாள். அடுத்ததற்கு ஒன்றேகால். பிறகு ஒன்று. குறைக்கக் குறைக்க ருசி கூடியதாக நோட்டு சொல்கிறது. விருந்தாளிகளிடம், "இனிப்பு கேக்கறது குழந்தை நாக்கு," என்பாள்.

3

போன மாதம் கணவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது, புது ஜாடியை அவளே பாட்டிலில் ஊற்றினாள். குடித்தாள். முகம் கோணியது.

திரும்பி வந்தவன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அடடா, நான் கலக்கலையே," என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ன கலக்கலை?"

"தேன்தான். பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைக்கும்போது கொஞ்சம்..."

"எத்தனை நாளா?"

"ரெண்டாவது ஜாடிலேர்ந்து. நீ எவ்வளவு குறைச்சியோ அவ்வளவுதான் சேர்த்தேன். ஒரு கிராம் கூட்டலை."

"என் நாக்கை ஏமாத்தியிருக்கீங்க."

"நாக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, டாக்டரம்மா. நோட்டைத்தான் ஏமாத்தினேன்."

[அவள் டாக்டர் இல்லை. அவனும் வில்லன் இல்லை. கையில் தேன் ஸ்பூனோடு நிற்பவனை வைத்து எந்த வில்லனைச் செய்வது? ஆனாலும் ஆறு வருடம் ஒருவன் பக்கத்தில் நின்று நம்மைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டே இருந்தால், அதற்கு அன்பு என்று பெயரா, இல்லை]

இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்திருந்தால் கதை எதற்கு?

4

முடிவு ஒன்று: சண்டை. முடிவு இரண்டு: இருவரும் சிரிக்கிறார்கள், வார இதழ்களுக்கு உகந்தது. இரண்டையும் அடித்துவிட்டேன்.

மிஞ்சியது இது. சமையலறையில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் அவள் எழுதிய அளவு, மற்றதில் அவன் கலந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எது யாருடையது என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. எது பிடித்தது என்பதும். நோட்டு மேஜைமேல் திறந்தே கிடந்தது.

அவன் கேட்டான்: "இது நல்லாருக்கா, முன்னாடி குடிச்சது நல்லாருக்கா?"

அவள் கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

பதிலுக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்கள் ருசிக்கேற்ப நிரப்பிக்கொள்ளவும். என் முகத்தைப் பார்க்காமல்.