பனி தேசத்துக்கு ஒரு கக்கூஸ்

விருமாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐஸ் பேக்டரிக்குள்ள கக்கூசா? வெளிய தெரிஞ்சா ஒரு சர்பத் கடைக்காரனாவது என்கிட்ட ஐஸ் வாங்குவானா, டீச்சரம்மா?"

"ஓரத்துல இருக்குற குளிரறை சும்மாதானே கிடக்கு, அண்ணே. மதுரையில குளிருக்கு நான் வேற எங்க போவேன்?" என்றாள் பிலோமினாள்.

அவள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துகிறவள். தென்துருவத்தில் அமையவிருந்த ஆராய்ச்சி நிலையத்துக்குக் கழிப்பறை வடிவமைக்கும் வேலை அவளிடம் வந்திருந்தது. அங்கே எங்கே தோண்டினாலும் பனிதான். போட்டது எதுவும் மக்காது. அதனால் கழிவை மண்ணெண்ணெய் அடுப்பில் எரித்துச் சாம்பலாக்கும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தாள். அந்தக் குழுவில் ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் போகவிருந்தவன் அவள் தம்பி மரியராஜ்.

விருமாண்டி ஒருவழியாகச் சம்மதித்தார். குளிரறைக்குள் பலகைக் கூண்டு ஒன்றை அடித்துப் பெட்டியை அதில் வைத்தார்கள். சோதனைக்கு மரியராஜே உள்ளே போனான். நினைவோடு இருக்கிறான் என்று வெளியே தெரிய, திருப்புளியால் பலகையைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

டக், டக் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது.

"மரியா!"

பதில் இல்லை. கூண்டின் கதவு உறைந்து இறுகியிருந்தது. அவளும் விருமாண்டியும் தோளால் மோதித் திறந்தார்கள். உள்ளே ஒரே புகை. மூலையில் சரிந்து கிடந்தவனை வெயிலுக்கு இழுத்துவந்து போட்டார்கள். அவன் இருமி, வாந்தியெடுத்து, கண் திறந்தபிறகுதான் பிலோமினாளுக்கு மூச்சு வந்தது.

"நீ தென்துருவத்துக்குப் போக வேணாம்டா. இந்தச் சனியனை உடைச்சுப் போட்டுருறேன்."

"நான் போகலேன்னா இன்னொருத்தன் போவான்க்கா. அவனுக்கும் வீட்டுல ஆளுக இருப்பாங்கள்ல?"

அவள் அழுதுகொண்டே போய்ப் புகைக்குழாயைக் கழற்றினாள். புகையோடு போன ஈரம் குழாயின் வாயில் உறைந்து, கட்டியாக அடைத்திருந்தது. குழாயில் சூடு நின்றால் ஈரம் உறையாது. பெரிய குழாய் ஒன்றுக்குள் அதைச் செருகி, இடைவெளியில் அடுப்பின் வெப்பக்காற்று ஓடும்படி மாற்றினாள்.

மறுசோதனைக்கு அவளே உள்ளே போனாள். தம்பி எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. இம்முறை தட்டும் சத்தம் நிற்கவே இல்லை. கொஞ்சம் மெதுவானாலும் வெளியிலிருந்து மரியராஜ், "அக்கா, தட்டு! தட்டு!" என்று கத்தினான்.

அடுப்பு அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு, நடுங்கியபடி ஒரு தகரத் தட்டோடு வந்தாள். அதில் ஒரு கைப்பிடிச் சாம்பல். புகை வாடையே இல்லை.

விருமாண்டி எட்டிப் பார்த்தார். "அம்புட்டும் எரிஞ்சு இம்புட்டுதானா?"

மரியராஜ் தட்டைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்தான். "தலை சுத்துதா? நெஞ்சு அடைக்குதா?"

"ஒண்ணும் இல்லடா. பசிக்குது," என்றாள்.

ஐஸை மூட வாசலில் குவித்திருந்த மரத்தூள்மேல் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். விருமாண்டி வாங்கிவந்த சுடு பரோட்டாவைப் பிய்த்துத் தின்னும்போது, மதுரை வெயில் முதுகில் ஏறுவது பிலோமினாளுக்கு அத்தனை சுகமாக இருந்தது.