பத்தாவது குழாயில் கடற்பாசி பீர்

எங்கள் கடையில் பத்துக் குழாய். ஒன்பதில் பெரிய கம்பெனி பீர்தான் ஓட வேண்டும் என்று ஒப்பந்தம்; அவர்கள் கொடுத்த முன்பணத்தில்தான் மெரெதித் வெலிங்டனில் கடையே திறந்தாள். பத்தாவது ஒன்றுதான் எங்கள் இஷ்டத்துக்கு.

அந்தக் குழாய்க்காக ஒரு செக் நாட்டு பீப்பாய் நாலு மாதம் காக்கவைத்துக் கப்பலில் வந்தது. சூடுபடுத்திப் பதப்படுத்தாத பீர், ஞாயிற்றுக்கிழமையோடு கெடு. ஊருக்கே இரண்டு பீப்பாய்தான் ஒதுக்கீடு. யார் பழசாக்குகிறார்களோ அவர்களுக்கு அடுத்த வருஷம் கிடையாது என்று இறக்குமதிக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெரெதித் வாசல் பலகையில் அதன் பெயரை எழுதியும் வைத்துவிட்டாள். முதுகு கழன்றுபோக நிலவறைக்கு இறக்கியவன் நான்.

ஆனால் குழாயில் திபேனேயின் கடற்பாசி பீர் உட்கார்ந்திருந்தது. அவன் வீட்டுக் கார் கொட்டகையில் காய்ச்சுகிறவன். அவன் சரக்கை ஏற்றியது எங்கள் கடை மட்டும்தான். உள்ளூர்க்காரன் பீப்பாய் காலியாகும் முன் கழற்றுவது இந்தத் தொழிலில் செருப்பால் அடித்த மாதிரி. மறுநாளே எல்லா பீர் கடைக்கும் தெரிந்துவிடும். காலியாகட்டும் என்று காத்திருந்தோம்.

யார் குடிக்கிறார்கள்? தினமும் காலையில் பீப்பாயைச் சாய்த்துக் கனம் பார்ப்பேன். செவ்வாய், பாதி. புதன், பாதியில் ஒரு கிளாஸ் குறைவு. வியாழன், இரண்டு கிளாஸ் குறைவு. அந்த இரண்டு கிளாசும் திபேனே குடித்ததுதான். வேலை விட்டு வருவான், முகம் மாறாமல் குடிப்பான், எப்படிப் போகிறது என்று கேட்பான். ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பாள் மெரெதித். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை செக் பீருக்கென்றே ரயிலேறி வந்தவர்களிடம் நாளைக்கு என்றாள். சனிக்கிழமையும் நாளைக்கு.

"பீரு பலகைல மட்டும்தான் வருமா?" என்றான் ஒருத்தன்.

திபேனேயின் பீப்பாயைக் கழற்றிவிடுகிறேன் என்றேன் மெரெதித்திடம்.

"கழட்டிட்டு அவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது, பெனி?"

"அப்ப அவன்கிட்டயே கேளு."

"நீ கேளேன். உனக்கும் வாய் இருக்குல்ல?"

இருந்தது. அன்று சாயங்காலம் திபேனே பக்கத்தில் போய் நின்றேன். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஞாயிறன்று கடற்பாசி பீரை இலவசமாகவே ஊற்றினோம். ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். நான் நாலு கிளாஸ் குடித்து வயிறு கெட்டதுதான் மிச்சம்.

ஒருவழியாக அடுத்த வியாழக்கிழமை காலியாயிற்று. செக் பீப்பாயை மாட்டினேன். மெரெதித் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசை என்னிடம் நீட்டினாள். நனைந்த அட்டைப்பெட்டி ருசி. அவளே இறக்குமதிக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னாள். அடுத்த வருஷப் பீப்பாய் எதிர்க்கடைக்கு என்று முடிந்தது.

சாயங்காலம் வந்த திபேனே விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே. அது எனக்கே பிடிக்கல. நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னு தினம் வந்து குடிச்சுத் தொலைச்சேன்."

பிறகு அவனே கேட்டான்.

"அப்போ குழாய் காலியா? கார்ல ஒண்ணு இருக்கு. பாசிய பாதியா குறைச்சிருக்கேன்."

மெரெதித் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"கொண்டு வா," என்றாள் அவள்.

வேண்டாம் என்று நானாவது சொல்லியிருக்கலாம். அவனிடம் கார் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனேன்.