விடியற்காலை கிரீன் டீ

தண்டலத்தில் எங்கள் வாடகை அறையில் இருந்த ஆறு பெண்களில் என்னிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் பாண்டிச்செல்விதான். சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. செல்போன் கம்பெனியில் என் லைனிலேயே டிரெய்னி. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு இருந்தது எட்டரை. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து இரண்டு மாதம் கெடு வைத்தார்கள். தேறாவிட்டால் ஊருக்குப் போய் மறுபடி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்க உட்கார வேண்டியதுதான்.

விடுவேனா நான்? எங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், டீயாகப் போட்டால்தான் தொண்டையில் இறங்கும். அதனால் அறையில் யாராக இருந்தாலும் மாத்திரையை டீயோடுதான் விழுங்குவோம். ஊருக்குக் கிளம்பிய கொரியா இன்ஜினியர் ஒருவர் லைனில் ஆளுக்கொரு கிரீன் டீ பாக்கெட் கொடுத்திருந்தார். உடம்புக்கு அவ்வளவு நல்லதாம். என் பாக்கெட்டையும் அவளுக்கே வைத்துவிட்டேன். தினமும் நாலரைக்கு எழுந்து, ஷிப்ட் பஸ் வருவதற்குள் பெரிய டம்ளர் நிறையப் போட்டுக் கொடுத்து, மாத்திரை உள்ளே போகும்வரை முன்னாலேயே நிற்பேன். குடித்ததும் அவள் முகம் கோணும். எனக்குக் கோபம்தான் வரும்.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எட்டு புள்ளி ஆறு.

"ஏட்டி, மாத்திரைய வாய்க்குள்ள ஒதுக்கி வச்சுத் துப்பிட்டு எங்கிட்ட நடிக்கியா?" என்று கம்பெனி நர்ஸ் அறையிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் கண் கலங்கியது.

நர்ஸ் பிரவீனா ஸ்ரீபெரும்புதூர்க்காரி. "இன்னாமா, வந்ததுலேந்து கத்திக்கினே கீற? செத்த சும்மா இரு," என்று என்னை அடக்கிவிட்டு அவளிடம் கேட்டாள். "மாத்திரய எதுல போடற?"

"கிரீன் டீயிலக்கா. வெறும் வயித்துல."

"அதான் வெசயம். டீ எதுவா இருந்தாலும் மாத்திரையில இருக்கற இரும்ப ஒடம்புல சரியா சேர வுடாது. கிரீன் டீயும் அப்டித்தான். வெறும் வயித்துல குடிச்சா கொமட்டவும் செய்யும். எலுமிச்சம்பழத் தண்ணில மாத்திரயப் போடு. டீ வேணும்னா ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடி."

பாவி, அந்தப் பிள்ளையின் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டிருக்கிறேன். நேராக சூப்பர்வைசர் டில்லிபாபுவிடம் போய் நின்றேன்.

"சார், தப்பு என்னோடது. அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் வாங்கிக் குடுங்க."

"நீ டீ போட்டுக் குடுத்தேன்னு மேல எழுத முடியுமாம்மா?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் பிரவீனாவிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி, ஆறு வாரம் கூடுதலாகப் பேசி வாங்கினார்.

ஆறாவது வாரம் பத்து புள்ளி இரண்டு வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அன்று கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன். "கொமட்டுச்சுன்னா சொல்ல வேண்டியதுதானட்டி? தெனமும் ஏன் குடிச்ச?"

"இந்த ஊருல எனக்குன்னு தூக்கத்த விட்டு எந்திரிச்சது நீங்க ஒருத்தர்தான். வேண்டாம்னு எப்படிக்கா சொல்லுவேன்?"

பஸ்ஸில் எல்லோரும் பார்க்கப் பார்க்க நான் அழுதேன்.